நாலடிக்கு ஒரு பம்ப்

கையால் முடிகிற வேலைக்கும் மோட்டார் தேடும் ஆண்கள் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அமெரிக்காவில் ஷெபாய்கன் என்ற ஊரில் அந்த இனத்துக்குத் தலைவர் வெண்டல். பின்னால் அவர் மனைவியான மார்லீஸ் அவர் பெயரை முதன்முதலில் கேட்டது, தன் சித்தி மகள் டார்லீனின் கல்யாணத்தில். "யாரோ வெண்டலாம், கேக் வெட்ட கரண்டுக் கத்தி கொண்டாந்திருக்கான்!" என்று பெரியத்தை சிரித்தாள். மார்லீஸும் சிரித்ததோடு விட்டிருக்கலாம், திரும்பிப் பார்த்துவிட்டாள்.

இந்த இனத்தார் வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்தால் பீர் இரண்டாம்பட்சம். அடுப்புப் பானையிலிருந்து நொதிக்கும் கலத்துக்கு ஒரு பம்ப், கலத்திலிருந்து பீப்பாய்க்கு ஒரு பம்ப், பம்புக்குக் குழாய், குழாய்க்குத் திருகு, திருகுக்குக் கவ்வி, எல்லாவற்றுக்கும் சேர்த்து மினுக்மினுக்கென்று ஒரு சுவிட்சுப் பெட்டி. விருந்தாளி தாகத்தோடு வந்தால், "மொதல்ல இதோட சத்தத்தைக் கேளுங்க!" சத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போன சொந்தக்காரர்கள் எத்தனை பேர்!

மகள் கிரெட்டாவுக்குக் கல்யாணம் வந்தது. "எங்கப்பா காய்ச்சின பீர்தான், வேற எதுவும் வேணாம்" என்று மண்டபத்தில் சொல்லிவிட்டாள். வரப்போவது நாற்பது பேர். இரண்டு வாரம் முன்னால் பீர் தெளிந்து, கேரேஜ் தரையில் கலத்தில் தயாராக நின்றது. பீப்பாய் நாலடி தள்ளி.

மார்லீஸின் தம்பி ஆர்விட் சட்டைக் கையை மடித்தான். "மச்சான், ஆளுக்கொரு பக்கம் புடிச்சு மேசை மேல வெச்சா, தானா எறங்கிடுமே?"

"தானா எறங்குறதுக்கு நான் எதுக்குடா?"

அவ்வளவுதான். அந்த இனத்தின் வேதமே அதுதான்.

பம்பை எல்லார் கண்ணிலும் படட்டும் என்று மேசைமேல் பூட்டியிருந்தார். அந்த வகைப் பம்ப் கீழிருந்து உறிஞ்சாது. பீர் தானாக வந்து அதன் வாயை நிறைத்தால்தான் தள்ளும். உறுமியது. சொட்டு வரவில்லை. வெண்டல் குழாயைக் கழற்றினார், வாயால் இழுத்தார், அவசரமாக மாட்டினார், கவ்வியை இறுக்க மறந்தார். பாதி பீரும் பாதி காற்றுமாகப் பீப்பாய்க்குள் களகளவென்று நுரை கொட்டியது.

"காத்து கலந்தா பீர் கெட்டுடும்னு நீதானே சொல்லுவ? நிறுத்து வெண்டல்!" என்றாள் மார்லீஸ்.

"இப்பதான் ஓட்டம் புடிச்சிருக்கு! நிறுத்தினா மறுபடி இழுக்காது!"

கல்யாணத்தன்று பீர் நனைந்த அட்டைப்பெட்டி போல இருந்தது. ஆர்விட் தன் பங்கைப் பூந்தொட்டிக்கு ஊற்றினான். நாற்பது பேரும் குழந்தைகளுக்கு வைத்திருந்த ஆப்பிள் சாற்றுப் பக்கம் நகர்ந்தார்கள். கிரெட்டா மட்டும் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு ரெண்டாங் கல்யாணம்னு ஒண்ணு வந்தா, மேசை மேல தூக்கி வெச்சிடுப்பா."

வெண்டலின் காது சிவந்ததை மார்லீஸ் அன்றுதான் பார்த்தாள். பாவம்.

சிரிக்கிறீர்களா? ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிய ஒரு இயந்திரம் வாங்கி, அதைக் கழுவச் சோம்பல்பட்டுப் பரண்மேல் ஏற்றியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

வெண்டல் திருந்திவிட்டார். பம்பை விற்றாயிற்று, இனி கலத்தை மேசைமேல் ஏற்றித்தான் பீர் இறக்குவாராம். இப்போது கேரேஜில் இருக்கிறார். கலத்தைத் தூக்க, கூரையில் ஒரு மோட்டார் பூட்டிக்கொண்டிருக்கிறார்.