பொம்மைக் கரடி, தரம் ஒன்று

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. அது பாட்டுக்கு ஓடியிருந்தால் கதையே இல்லை. குறுக்கே கயிறு கட்டி, இக்கரை ஒரு நாடு, அக்கரை ஒரு நாடு என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு இரு கரைச் சிங்கங்களும் கைகுலுக்கி, "உலகமே இனி ஒரே சந்தை. எல்லை என்பதே கிடையாது" என்று அறிவித்தன. பலாப்பழம், பிளாஸ்டிக் வாளி, சீப்பு எல்லாம் அன்றே ஓடையைத் தாண்டின. கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

இக்கரையில் மாரக்காள் என்றொரு கரடி. வாய் ஓயாதவள். அவள் மகள் பொன்னுருவி அக்கரையில் வாழ்க்கைப்பட்டு நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சரி, நாமே போவோம் என்று மாரக்காள் பிரசவ லேகியம் கிண்டி எடுத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் மூன்று நாள் வரிசையில் நின்றாள்.

அதிகாரி கீரி படிவத்தைப் படித்தது. "வருகையின் நோக்கம், மகள் பிரசவம். இது என்ன வியாபாரம்?"

"வியாபாரம் இல்லீங்க சார். பெத்த பாசம்."

"பாசத்துக்கு ஒப்பந்தம் போடலம்மா. லேகியம் போகலாம். நீங்க போக முடியாது."

லேகியம் போய்விட்டது. மாரக்காள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஏற்றுமதி செய்யும் நரி அருகில் வந்தது. "அக்கா, உயிரோட போனாத்தான் விசா. பொம்மையாப் போனா வரிகூடக் கிடையாது. மூச்சு விடாம இருப்பீங்களா?"

இருந்தாள். காதில் சீட்டு கட்டி, பெட்டியில் மகள் விலாசம் ஒட்டினார்கள். அதே கீரி அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நல்ல பஞ்சு" என்று முத்திரை குத்தியது.

பெட்டியோடு அக்கரை அதிகாரி மரநாயும் பொன்னுருவி வீட்டுக்கு வந்தது. குட்டி பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்த பொன்னுருவி, பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். பேரப்பிள்ளையைக் கண்ட மாரக்காளுக்கோ கண் நிறைந்துவிட்டது.

"என்னம்மா, பொம்மை கண்ணுல தண்ணி கசியுது?" என்றது மரநாய். "பழுதான சரக்கு. திருப்பி அனுப்பிடலாம்."

"வேண்டாங்க. பொட்டியில ஈரம் பட்டிருக்கும்" என்று பொன்னுருவி முந்தானையால் அம்மாவின் கண்ணை அழுத்தித் துடைத்தாள். "பாருங்க, நின்னுடுச்சு."

"ஒரு வருஷம் கேரண்டி இருக்கு. வாராவாரம் வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு மரநாய் வாசலிலேயே உட்கார்ந்து படிவம் நிரப்பத் தொடங்கியது.

பாட்டியின் மடியில் கிடத்தியதும் குட்டி தூங்கிப்போனது. மாரக்காள் ஒரு தாலாட்டுகூடப் பாடவில்லை.

நீதி: எல்லைகள் ஒழிந்த உலகில் யாரும் எங்கும் போகலாம், உயிர் இருப்பதை மட்டும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது.