டயருக்கடியில் வந்த அம்மன்

ஜீப்பில் ஹேண்ட்பிரேக் பிடிக்காதது இருசப்பன் குற்றமா? சதுரங்கப்பட்டினம் சரிவில் டீ குடிக்க நிறுத்தியவன், பின்சீட்டில் கிடந்த கல்லை எடுத்துப் பின்டயருக்கு முட்டுக் கொடுத்தான். எந்த டிரைவரும் அதைத்தான் செய்வான். கிளம்பும்போது கல்லை எடுக்க மறந்தானே, அது அவன் குற்றம்தான்.

கருங்குழி முகாமுக்குத் திரும்பி மூச்சு விடுவதற்குள் ஜியாலஜிஸ்ட் சுப்புராமன் எதிரே வந்து நின்றார்.

"கல் எங்கேய்யா? நாளைக்குச் சாயங்காலம் கல்கத்தாவிலேர்ந்து பெரிய ஆபீசர் வரார். நெல்லிக்காய் பருமனுக்கு கார்னெட்னு சிவப்பு மணி பதிஞ்ச கல், ஆறு மாசம் அலைஞ்சு கிடைச்சது. அதை அவருக்குக் காட்டற கையோடதான் உன்னை பர்மனென்ட் பண்ற பேப்பரை நீட்டப்போறேன்."

நாலு வருஷமாகத் தினக்கூலி டிரைவர். இருசப்பன் மறுபடி ஜீப்பில் தாவி ஏறினான்.

"வண்டியிலயே பத்திரமா கீது சார். பெட்ரோல் போட்டுகினு வந்துடறேன்" என்று புளுகிவிட்டு ஜீப்பை வந்த வழியே விரட்டினான்.

கல் இருந்தது. ஆனால் ரோட்டில் இல்லை. டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பாவாடை கட்டி உட்கார்த்தியிருந்தார்கள். சுற்றிலும் பதினைந்து பேர். அந்த மரத்தடியில் மீன் வறுத்து விற்கும் ஆதியம்மாள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது கவர்மென்ட்டு கல்லு!"

"வாயைக் கழுவுடா! ஒடம்பெல்லாம் செவப்பா அம்மை முத்து போட்டுகினு மாரியாத்தா தானா வந்து குந்திகீறா. கண்ணு தெரியல?"

"அது முத்து இல்லக்கா!" சுப்புராமன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி இருசப்பனுக்கு மனப்பாடமாகிவிட்ட பாடத்தை அவிழ்த்துவிட்டான். "இது ஒரு காலத்துல வெறும் களிமண்ணு. பூமிக்குள்ள பல மைல் கீழ போயிடுச்சு. மேல கனம் அழுத்த, கீழ சூடு ஏற, உருகாமலே வெந்துச்சு. வேவ வேவ உள்ள கீற இரும்பும் அலுமினியமும் ஒண்ணு சேர்ந்து செவப்பு மணியா வளர்ந்துச்சு!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"பாதாளத்துல வெந்தாளாம்டி!"

"வெந்தும் உருகலையாம்!"

"இவன் வாயால ஆத்தாளே பேசறாடி!"

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி இருசப்பன் கழுத்தில் மாலையைப் போட்டு, கையில் கற்பூரத்தட்டைக் கொடுத்துவிட்டாள்.

சரி, பேச்சு எடுபடாது, கல்லை மாற்றிவிடுவோம் என்று முடிவுகட்டினான். கடற்கரைப் பக்கம் போய் அதே பருமனில் ஒரு கல்லைத் தேடிப்பிடித்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். அதை வைத்துவிட்டு இதைத் தூக்கக் குனிந்ததுதான் தாமதம்.

"பாருங்கடி! ஆத்தாளுக்குத் துணையா தங்கச்சியையும் கொண்டாந்துட்டான் பூசாரி!" என்று கத்தினாள் ஆதியம்மாள்.

தங்கச்சிக்கும் மஞ்சள் பூசியாயிற்று. அந்த வழியாக வந்த பஸ் நின்றது. கும்பிட இறங்கிய கூட்டத்தோடு, ஜீப்பைத் தேடிக்கொண்டு வந்த சுப்புராமனும் இறங்கினார். ஐயோ, அவர் முழித்த முழி!

மாலையும் கழுத்துமாக நிற்கும் டிரைவரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பக்கத்தில் போய் லென்ஸை வைத்துக் குனிந்தார். ஆபீசரே விழுந்து கும்பிடுகிறார் என்று கூட்டம் அவர் தலையில் தீர்த்தத்தைக் கொட்டியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இருசப்பன் காதில் பல்லைக் கடித்தார். "நாளைக்கு நாலு மணிக்குக் கல் என் மேசையில இருக்கணும். இல்லேன்னா உன் பேப்பரைக் கிழிச்சுக் காத்துல விட்டுடுவேன்."

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கூட்டமும் மெல்லக் கலைந்தது. இருசப்பன் மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டான். நாலு வருஷக் கனவாயிற்றே!

ஆதியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் நெற்றியில் விபூதியை இழுத்துவிட்டாள்.

"அழாத நைனா, நீ டயருக்கு முட்டுக் கொடுத்தத நானும்தான் பார்த்துகினு இருந்தேன். ரோடு போடறவன் காத்தால இந்த மரத்தை வெட்ட வரான், அவன் கும்புட்டுட்டு வந்த வழியே திரும்பட்டும். மத்தியானமா வந்து உன் கல்லைத் தூக்கிகினு போ, அப்பால எனக்குத் தங்கச்சியே போதும்!"