மழைக்காரர் கடல் காட்டிய கதை

சப்ரகமுவ மாகாணத்து மழையை எதிர்த்து நின்ற மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தோட்டத்துக்காரர். ஓப்பநாயக்கவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக விரிந்து கிடக்கும் அத்தோட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால், அவர் மனைவி வள்ளியம்மாவே சிறிது யோசித்துத்தான் சொல்வார். ஊருக்கெல்லாம் அவர் மழைக்காரர்.

ரப்பர் பால் வெட்டியவர் அவர். மரம் நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெங்கும் வழிந்துவிடும். ஆகவே விடியலில் மழை என்றால் அன்று வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. காலமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தவர், ஓய்வு பெற்ற அன்று எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தின் முன் நின்று அறிவித்தார்: "இத்தன வருசமும் மழ சொன்னத நான் கேட்டேன். இனிமே மழைக்குன்னு ஒரு வேலையும் நிக்காது."

சொன்னபடியே நடந்தார். கொட்டும் மழையில் கூரைத் தகரம் மாற்றினார். வள்ளியம்மா வீட்டிலுள்ள சட்டிகளையெல்லாம் தரையில் பரப்பினார். அம்மன் தேர் புறப்படும் வேளையில் மழை பிடித்துக்கொண்டபோது, நாங்கள் அனைவரும் கோயிலுக்குள் ஒதுங்க, அவர் மட்டும் வடத்தைப் பிடித்தபடி வெளியே நின்றார்.

"அம்மா நனைஞ்சிருவாங்க, அண்ணே," என்றார் பூசாரி.

"அவுங்க மாரியம்மா. மழைக்கு அவுங்கதான் மொதலாளி. கூலியாளுக்குப் பயந்து மொதலாளி உள்ளுக்கு இருப்பாங்களா?"

தேர் ஓடியது. மறுநாள் கோயில் நிர்வாகம் முழுவதற்கும் தடிமனும் தும்மலும்.

இந்நிலையில்தான் வள்ளியம்மாவின் கண்ணுக்குச் சோதனை வந்தது. கண்ணில் பிரஷர் என்றும், பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும் என்றும், போனது திரும்பாது, மருந்து இருப்பதைச் சிறிது காலம் காக்கும் என்றும் இரத்தினபுரியில் டொக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் மழைக்காரர் கேட்டிருக்கிறார்:

"என்னத்தப் பாக்கணும்னு ஆச இருக்கு?"

"கடலு. ஆனா கொழும்புக் கடலு வேணாம். அங்க கடலுக்கு முன்னால ஆளுங்க முதுகுதான் தெரியுமாம்."

ஆளில்லாத கடலுக்கு எங்கே போவது? அடியேன் நடத்தும் பஜனைக் குழு ஆண்டுதோறும் கதிர்காமம் செல்லும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் யால வனம். அதன் ஓரத்தில் கடல். தம்பதியர் எங்களோடு வருவதாக முடிவாயிற்று. உடனே வானொலி, வங்கக் கடலில் தாழமுக்கம், கனமழை என்றது. குழுவினர் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் கண்டது. எஞ்சியவன் நான் ஒருவனே.

"பயணத்தைத் தள்ளிப்போடலாமே," என்றேன்.

"முருகன் வெயில் காலத்துல மட்டுந்தான் இருப்பாராங்க, ஐயா?"

பக்தன் என்று பெயரெடுத்தவன் குடையைத் தேடி எடுத்தேன். புறப்பட்டோம்.

சந்நிதியில் கும்பிட்டு வெளியே வந்தபோது மழை வெள்ளமாகக் கொட்டியது. வனத்துக்குள் அழைத்துப் போகும் ஜீப்காரர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "அத பே, மாத்தையா." இன்று முடியாது, ஐயா.

"புளுவன், மல்லி," என்றார் மழைக்காரர். முடியும், தம்பி. பிறகு சிங்களத்திலேயே வள்ளியம்மாவின் கண்ணைப் பற்றித் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஜீப்காரர் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

காடு என்றால் அட்டை, அட்டை கடிக்காதிருக்கச் சவர்க்காரம் என்பது எங்கள் தோட்டத்து ஞானம். ஆகையால் தம்பதியர் இருவரும் முழங்கால்வரை சவர்க்காரம் பூசி வந்திருந்தனர். அந்த மணற்காட்டில் பேருக்குக்கூட ஓர் அட்டை இல்லை. சாரல் பட்டுச் சவர்க்காரம் நுரைத்தது, ஜீப்பே சலவைத்தொட்டியாயிற்று.

"அந்தா யான," என்று மழைக்காரர் புதரைக் காட்டினார்.

"பெரஹரா ஊர்வலத்துல பாக்காத யானையா? கடலக் காட்டுங்க."

வழியில் ஒரு மயில் தென்பட்டது. தோகை விரித்தாடும் மயிலைப் பாடிப் பாடியே நரைத்தவன் நான்; அதுவோ நனைந்த விளக்குமாறாய்க் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைக் கண்ட வள்ளியம்மா, "அதுவும் ஒரு நாளைக்கு லீவு போடட்டும், விடுங்க ஐயா," என்றார்.

கடற்கரையில் ஜீப் நின்றது. மழைக்காரர் முதலில் குதித்து, நுரைத்த கால் வழுக்கி, மணலில் அமர்ந்தவாறே கையை நீட்டினார். "இந்தா, கடலு."

"எங்க?"

"முன்னுக்குத்தான்."

"மழதானே தெரியுது."

உண்மைதான். வானும் நீரும் ஒரே திரையாய் இருந்தன. நல்ல கண்ணுடைய எனக்கே இரைச்சல் மட்டுமே கேட்டது. ஜீப்காரர், வனத்தின் வாயிற்கதவை மூடும் நேரமாகிறது என்றார். மழைக்காரரோ எழவில்லை. "மழ விடட்டும்," என்றார் மெல்ல. அவர் வாயில் அச்சொல்லை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை.

மயிலேறி வரும்படி முருகனை ஆயிரம் பாட்டில் அழைத்த நான், அன்று மேகத்தைச் சற்றே ஒதுக்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ, அறியேன். காற்றுத் திரும்பியது. திரை விலக, தொலைவில் ஒரு கோடு. அதிலிருந்து வெள்ளை வெள்ளையாய் அலை எழுந்து எங்களை நோக்கி வந்தது.

"இம்புட்டும் தண்ணியா?" என்றார் வள்ளியம்மா. தாமாகவே கடலை நோக்கி நடந்தார். எப்போதும் மனைவிக்குப் பத்தடி முன்னால் நடக்கும் மழைக்காரர், அன்று அவர் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சென்றார். அலை வந்து நான்கு கால்களின் சவர்க்காரத்தையும் கழுவிப் போயிற்று. ஜீப்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை.

இப்போது வள்ளியம்மாவுக்குப் பகலும் நிழலாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சண்டை மட்டும் ஓயவில்லை. கடல் பச்சை என்பது அம்மையாரின் கட்சி. சாம்பல் என்பது இவர் கட்சி. உடனே அந்த அம்மா, கோடு தெரிந்ததிலிருந்து அலை காலைத் தொட்டது வரை ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்லி, பச்சையை நிலைநாட்டுவார்.

ஒரு நாள் மழைக்காரரைத் தனியே அழைத்து, "பச்சை என்றே ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கடிந்துகொண்டேன்.

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "நான் ஒத்துக்கிட்டா, அவ அந்தக் கடலப் பத்திப் பேசுறத விட்டுருவா, ஐயா."

அன்று முதல் அடியேனும் சாம்பல் கட்சி.