மிஸஸ் வீட்டுக்காரி

தேக்கா, சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் தெய்வநாயகம் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் அழகப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. கிளமெண்டியில் தாங்களும் வீட்டாரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். என் சௌக்கியத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போன் செய்தால் உங்கள் தங்கை எடுத்து, "அண்ணன் குளிக்கிறாங்க" என்று வைத்துவிடுகிறாள். ஆறு நாளாகக் குளித்துக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கடிதம்தான் எழுத முடியும்.

கண் ஆபரேஷன் ஆறியதும் 'சைரன் சுந்தரி' படம் பார்க்கலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். பார்க்காதீர்கள். ஜப்பான்காரன் சிங்கப்பூரில் குண்டு போட்ட காலத்துக் காதல் கதையாம், சிரிப்புப் படமாம், பதினோரு பாட்டாம். சைரன் ஊதினால் சனங்கள் ஓடி ஒளிந்தார்கள் என்றுதான் என் அப்பா சொல்லுவார். இதில் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தில் கதாநாயகிக்குப் பாட்டுக்கொரு பட்டுப்புடவை. அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அந்தக் கதாநாயகன் இருக்கிறானே, அவன் புகைக்குள் நின்றுகொண்டு "வைதேகீ, வைதேகீ" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். மூன்று நிமிஷம். அவள் பேரைத் தவிர அந்தப் பாட்டில் வேறு வார்த்தையே கிடையாது. பக்கத்து சீட்டில் உங்கள் தங்கை மூக்கை உறிஞ்சினாள். ஏர்கான் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று தைலத்தை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள்.

படம் முடிந்து நான் பாத்ரூம் போய் வருவதற்குள் ஆளைக் காணோம். அவள் போனோ என் பையில். அந்த மாலில் தகவல் கவுண்டர் எங்கே என்று தேடி ஓடினேன். அங்கிருந்த சீனப் பெண், "அங்கிள், வைஃப் நேம்?" என்றாள். நாற்பத்துமூன்று வருஷமாக வாயில் வராத பெயர், பதற்றத்திலா வரும்? "என் வீட்டுக்காரி" என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டு, மூன்று மாடிக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தாள். "மிஸஸ் வீட்டுக்காரி, மிஸஸ் வீட்டுக்காரி, யுவர் ஹஸ்பண்ட் இஸ் வெயிட்டிங்." தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நம்ம பூக்கடை லட்சுமியும் அங்கே நின்றிருந்தாள். "அங்கிள், எல்லா வீட்டுக்காரியும் வந்துடப் போறாங்க லா!" என்றாள்.

உங்கள் தங்கை வந்தாள். வந்து, அத்தனை பேர் முன்னால் என்ன கேட்டாள் தெரியுமா? "குண்டு விழறப்பகூட அவன் பேர் சொல்லிக் கூப்பிடுறான். உங்களுக்கு நான் காணாமப் போனாக்கூட என் பேர் வரல. எப்பவும் 'ஏய்', 'இந்தா', 'கேக்குதா'. நான் செத்துட்டா பேப்பர்ல என்ன போடுவீங்க, 'இந்தா காலமானார்'னா? பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அப்ப வரேன்." அப்படியே ரயிலேறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பேர் சொல்லிக் கூப்பிட நான் என்ன வாத்தியாரா, வருகைப் பதிவு எடுக்க? என் அப்பா கூப்பிட்டாரா? நீங்கள் உங்கள் வீட்டில் கூப்பிடுகிறீர்களா? எவனோ ஒருவன் திரையில் கத்தினதற்கு நான் இங்கே மூன்று வேளையும் கடைத் தோசை தின்கிறேன். கோபம் கோபமாக வருகிறது. கோபம் தணிந்தால் இந்த வீட்டில் இருக்கவே பயமாக இருக்கிறது மச்சான். ஆகவே மேற்படி படம் குடும்பஸ்தர்கள் யாரும் பார்க்கத் தகுந்ததல்ல. மூத்தவரான தாங்கள் தங்கைக்குப் புத்தி சொல்லி அனுப்பி வைக்கவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அழகப்பன்

பி.கு.: கண் ஆபரேஷன் ஆன உங்களுக்குத் தபாலை வாசித்துக் காட்டுவது யாரென்று தெரியாமலா இவ்வளவும் எழுதினேன்? மன்னியுங்கள் மச்சான், இனி எழுதுவது உங்களுக்கில்லை. முத்தாயி, சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சிக்கு அதே படத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நல்ல படம்தான், பார்க்கலாம். உன் பேரைத் தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன், முத்தாயி. நேற்று பக்கத்து வீட்டு ஹலீமா கதவைத் தட்டி, "யாரைக் காணோம் அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.