முடிய மறுத்த பாட்டு

கிடார்காரர் பாட்டை முடிக்க மறுத்தார். மேடையேற இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"எப்ப ஓயணும்னு கிடாருக்குத் தெரியும். அதுல தலையிட நான் யாரு?"

"அது ஓயறதுக்குள்ள ஜனம் வீட்டுக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சிரும். நான் எப்படா பாடறது?" என்றார் பாடகர். அவருக்கு இருந்தது 'ஊதா வானம் உருகுது' என்ற ஒரே வரி. அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்.

"ரெண்டுமே வேணாம். என் கீபோர்டுல வர்ற காத்துச் சத்தம் மட்டும் போதும்" என்றார் கீபோர்டுக்காரர்.

இவர்கள் வாசிக்கும் சைகடெலிக் ராக் இசை என்றால் கேட்பவருக்குத் தலை சுற்ற வேண்டும். இந்தக் குழுவில் வாசிப்பவர்களுக்கே சுற்றியது. இப்படியொரு குழு இருப்பது சொந்தக்காரர்களுக்கு மட்டும் தெரியும். அவர்களும் வெளியே சொல்வதில்லை.

கல்லூரி நாளிலிருந்து இவர்களை விட்டால் ட்ரம்ஸ்காரருக்கு வேறு நண்பர்கள் கிடையாது. இன்று முறிந்தால் முறிந்ததுதான்.

கிடார்காரரைத் தனியே இழுத்தார். "நீ இஷ்டத்துக்கு வாசி மச்சான். அவங்ககிட்ட பேசிட்டேன்."

பாடகரிடம், "அவன் சீக்கிரம் நிறுத்திடுவான்டா. ஒத்துக்கிட்டான்."

கீபோர்டுக்காரரிடம், "இன்னிக்கு உன் காத்துதான்."

மூவரும் மலர்ந்த முகத்தோடு ஒருவருக்கொருவர் நன்றி சொல்லக் கிளம்பினார்கள். ட்ரம்ஸ்காரருக்கு உயிர் போய் வந்தது. "இப்பப் பேசினா மூடு போயிடும்" என்று ஆளுக்கொரு மூலைக்கு விரட்டினார். மூலையில் உட்கார்ந்ததும் மூவருக்கும் சந்தேகம் முளைத்துவிட்டது. பாத்ரூம் போவதாகச் சொல்லி ஒவ்வொருவராக எழுந்து போய் வந்தார்கள்.

மேடையில் அவரவர் வாசிப்பது மட்டும் அவரவருக்கும், எல்லாமே ட்ரம்ஸ்காரருக்கும் கேட்கும்படி எல்லோர் காதிலும் இயர்போன். ட்ரம்ஸ்காரர் தன்னுடையதை அணைத்துவிட்டார். நடக்கப்போகும் கூத்தைக் கேட்கத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு கை ஓய அடித்தார்.

கண்ணைத் திறந்தபோது, வேறு குழுவுக்காக வந்திருந்த கூட்டம் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது.

மேடைக்குப் பின்னால் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்காக விட்டுக்கொடுத்தீங்களேடா" என்று கிடார்காரர் கண்கலங்கினார்.

"நீதான்டா விட்டுக்கொடுத்தே" என்றார் பாடகர்.

"காத்து எப்படி வீசுச்சு பாத்தீங்களா?" என்றார் கீபோர்டுக்காரர்.

அப்பாடா என்றிருந்தது ட்ரம்ஸ்காரருக்கு. குழு பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்பதுதான் விளங்கவில்லை. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த சவுண்டுக்காரரிடம் போனார்.

"அண்ணே, கடைசியில யார் சொன்னபடி நடந்துச்சு?"

"மூணு பேர் சொன்னபடியும்தான் சார். மத்த ரெண்டு பேர் சத்தத்தை அடக்குங்கன்னு ஒவ்வொருத்தரா வந்து காதைக் கடிச்சாங்க, அடக்கிட்டேன். ஜனம் கேட்டது உங்க ட்ரம்ஸை மட்டும்தான்."