புகையாகிப் போன மாப்பிள்ளை

"படத்தில் காலம் தெரிய வேண்டும்" என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்த விசர்க்கூத்தை நானே ஒருமுறை ஆடித் தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தவன்.

2003, சமாதான காலம். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் புகைப்பட வகுப்பொன்றுக்குப் போனேன். ஷட்டரை மெதுவாக மூடவிட்டால் அசைவதெல்லாம் புகைபோல விழும், அதுதான் ஓடுகிற காலம் என்றார் கொழும்பிலிருந்து வந்த ஆசிரியர். (அவர் சொன்ன மற்றதொன்றும் என் மண்டைக்குள் விழவில்லை.)

அடுத்த கிழமை கரம்பொன்னில் தங்கச்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வெளிநாடு. பத்து நாளில் திரும்பிவிடுவார். பிறகு அவளைக் கூப்பிடுவதற்குத் தூதரகத்துக்குத் தாலிகட்டுப் படம் கொடுக்க வேண்டும்.

"ஸ்ரூடியோக்காரரைப் பிடிப்பம்" என்றார் அம்மா.

"அவங்களுக்குச் சிரியுங்கோ எண்டு சொல்ல மட்டும்தான் தெரியும். நான் எடுக்கிறன்."

கமராவை முக்காலியில் பூட்டினேன். பிளாஷ் போடவில்லை. (பிளாஷ் காலத்தைக் கொன்றுவிடுமாம்!)

நாலாம் நாள் படங்கள் கழுவி வந்தன. கும்பத்துத் தேங்காயின் குடுமி மயிர் மயிராகத் தெரிந்தது. தலை குனிந்து அசையாமல் இருந்த தங்கச்சியும் தெளிவாக விழுந்திருந்தாள். அவளுடைய கழுத்தடியில் ஒரு வெள்ளைப் புகை.

"மச்சான், இதில நான் எங்கை?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அந்தப் புகைதான். ஓடுற காலம்."

"நான் ஓடேல்லை மச்சான். குனிஞ்சு தாலி கட்டினனான்."

தங்கச்சி அழத் தொடங்கினாள். "அண்ணை, புகைக்குக் கழுத்தை நீட்டினவளுக்கு ஆர் விசா தருவினம்?"

திரும்பப் படமெடுக்க ஸ்ரூடியோக்காரரைப் பிடித்தோம். வாடகைக்காரர் கழற்றிக்கொண்டு போன மணவறையைத் திரும்ப இறக்கினோம். அயலவர்கள் அன்றைக்கு உடுத்த அதே உடுப்போடு வந்து இருந்தார்கள். ஐயர் மட்டும், "ஒருக்காக் கட்டி வைச்சிட்டன், இனி ஏலாது" என்று வர மறுத்தார். "தாலியைக் கழற்றிப்போட்டுத் திரும்ப..." என்று நான் வாயெடுத்தேன்.

"கழற்றுவியோ? முதல்ல உன்ர நாக்கைக் கழற்றுறன், மூதேசி!" என்று அம்மா அகப்பையோடு வந்தார்.

கடைசியில், தங்கச்சியின் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியின் கொளுக்கியைப் பிடித்தபடி மாப்பிள்ளை குனிந்து நின்றார். "தம்பி, மூச்சும் விடப்படாது!" என்று அதட்டினார் ஸ்ரூடியோக்காரர். பிளாஷ் அடித்தது.

உண்மையாக நடந்த கலியாணம் அலுமாரிக்குள் கிடக்கிறது. நடித்த கலியாணத்துக்குத்தான் விசா கிடைத்தது.

மாப்பிள்ளை மச்சானுக்கு, அசைந்தால் புகையாகிவிடுவோமென்ற பயம் இன்னும் விட்டபாடில்லை. கமராவைக் கண்டால் மூச்சை அடக்கி மரம்போல நிற்பார். அவர்கள் வீட்டுப் படமொன்றில் மகள் ஊஞ்சலிலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் மச்சான் விறைத்தபடி கமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தங்கச்சி அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறாள். அந்தப் படத்தை எடுத்தது நானில்லை. ஆனாலும் கீழே என் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறாள்.