ஐந்தாவது 'ஏன்' தங்களிடம் வந்து நிற்கிறது

கான்செப்சியோன்,
புதன்கிழமை

மதிப்பிற்குரிய எடுவினா அம்மையாருக்கு,

தங்கள் நலமும் தங்கள் சாசேஜ் கடையின் நலமும் கோருகிறேன். என் தம்பி தங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து தங்களுக்கு ஒரு வரி எழுதாதவன், இன்று எழுதக் காரணம் ஒரு சுத்தியல். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, பிளம்பர் வெர்காராவின் அவரைக் குழம்புதான் போயிற்று.

எங்கள் பொறியாளர் மத்துரானா அம்மா, எதையும் வீணாக்கக் கூடாதென்னும் 'லீன்' முறைக்காரர். வீண் குவியல், வீண் நடை, வீண் காத்திருப்பு, இவைதான் ஆளைக் கொல்லும் என்பார். நான் சாய்ந்து மேகம் பார்க்கும் சிமெண்டு மூட்டைகள்கூடப் போய்விட்டன; அன்றன்றைக்கு வேண்டியதுதான் வருகிறது. எது விழுந்தாலும் திட்டமாட்டார், காபி கொடுத்து, வேர் தெரியும்வரை ஐந்து முறை 'ஏன்' கேட்பார்.

"சுத்தியல் ஏன் விழுந்துச்சு, எலியோதோரோ?"

"கை நழுவிடுச்சும்மா."

"ஏன் நழுவுச்சு?"

"கிழக்கு மலையில பனி எறங்குறதப் பாத்துட்டு நின்னேன்."

"அங்க ஏன் பாத்தீங்க?"

"அதுக்கு அந்தாண்டதான் சில்யான் ஊரு."

"சில்யானை ஏன் பாக்கணும்?"

"எடுவினா அங்க இருக்காங்க."

"அப்ப ஏன் போய்ப் பாக்கல?"

"வரட்டுமான்னு இன்னும் கேக்கலம்மா."

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: தடை: எடுவினாவைக் கேட்கவில்லை; பொறுப்பு: எலியோதோரோ; கெடு: வெள்ளிக்கிழமை.

"அவரு கடுதாசி போடாம நான் கீழ வேலை செய்யமாட்டேன்," என்றார் வெர்காரா. என்னோடு பலகை அடிக்கும் நிபால்தோ, "அண்ணே, எங்க உசுரு ஒங்க பேனாவுல இருக்கு," என்றான்.

ஆகவே பணிப் பாதுகாப்பை முன்னிட்டுக் கேட்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை சில்யானுக்கு வரலாமா? இரவெல்லாம் கனவில் அந்தப் பனிக்குள் நடக்கிறேன், தங்கள் கடை விளக்கு தெரிகிறது, கிட்டப் போவதற்குள் விடிந்துவிடுகிறது.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் வணக்கமும், கடைப் பூனைக்கு என் அன்பும்.

பணிவுடன்,
எலியோதோரோ

பின்குறிப்பு: அந்தச் சுத்தியல் நிபால்தோவுடையது; நழுவவிட்டதும் அவன்தான். யார் கை நழுவியது என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்துவிட்டது. நழுவவிட்டவனைத்தான் ஏன் என்று கேட்பார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன்; ஏனென்றால் அவன் சுத்தியலுக்குக் கயிறு கட்டாவிட்டால் அடுத்தமுறை குழம்போடு போகாது. சொன்னதும் மஞ்சள் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் மேலே எழுதியதற்கெல்லாம் இனி அவசியமில்லை, கெடுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?